கோரிக்கை கிடந்தது எத்தனை நாள்? பணியோட்ட மென்பொருளில் தேதிக் கணக்குக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

2025 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை மாலை 4.30. கோலாலம்பூர் அலுவலகத்தில் ஓர் ஊழியர் மருத்துவச் செலவுக் கோரிக்கையைப் படிவத்தில் போட்டு அனுப்புகிறார். நவம்பர் 17, திங்கட்கிழமை காலை 9.15க்கு மேலாளர் அதை அங்கீகரிக்கிறார். இடையில் எவ்வளவு நேரம் ஆயிற்று?

கடிகாரப்படி 64 மணி 45 நிமிடம். அதை 24ஆல் வகுத்து முழு எண்ணை மட்டும் எடுத்தால் 2 நாள். நாட்காட்டியில் 17இலிருந்து 14ஐக் கழித்தால் 3 நாள். எக்செலின் நெட்வொர்க்டேஸ் என்ற வேலைநாள் எண்ணும் ஃபங்ஷன் வெள்ளியையும் திங்களையும் சேர்த்தெண்ணி 2 வேலைநாள் என்கிறது. காலை 9 முதல் மாலை 6 வரை இயங்கும் அலுவலகத்தின் வேலைநேரத்தை மட்டும் பார்த்தால் வெள்ளி மாலை ஒன்றரை மணி, திங்கள் காலை கால் மணி, ஆக மொத்தம் 1 மணி 45 நிமிடம். ஐந்தும் சரியான விடைகள்தாம். மேலாளர் பெயருக்குப் பக்கத்தில் "தாமதம்" என்ற சிவப்புக் குறி விழுமா விழாதா என்பது, இந்த ஐந்தில் எதை நாம் மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுத்தோம் என்பதைப் பொறுத்தது.

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கு நிறுவனங்களுக்கு இந்த மாதிரிப் பணியோட்டங்களை, அதாவது படிவம் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குத் தானாகப் போகும் ஏற்பாடுகளை, அமைத்துக் கொடுப்பவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி, "எந்த ஃபங்ஷன் நல்லது?" என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்த விவகாரத்துக்கு எந்த மாதிரி நாள் வேண்டும்? மலேசியாவில் இதைப் பெரும்பாலும் சட்டமோ ஒப்பந்தமோ ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருக்கும். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மின் விலைப்பட்டியலை ரத்து செய்யவோ நிராகரிக்கக் கோரவோ 72 மணி நேரம் உண்டு. அது அசல் கடிகார நேரம், சனி ஞாயிறுக்காக நிற்காது. வெள்ளி மாலை 4.30க்கு உறுதி செய்யப்பட்ட விலைப்பட்டியலின் கெடு திங்கள் மாலை 4.30க்கு முடிகிறது. வேலைநீக்கம் செய்யப்பட்டவர் 1967 தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின் கீழ் முறையிட 60 நாள், அது நாட்காட்டி நாள். பேறுகால விடுமுறை 2023 ஜனவரி 1 முதல் 98 நாள், அதுவும் தொடர்ச்சியான நாள். ஆண்டு விடுப்போ சேவையின் முழு ஆண்டுகளைப் பார்க்கிறது. "ஐந்து வேலைநாளுக்குள் பணம் தருவோம்" என்ற அலுவலக விதிக்கு வேலைநாள். ஒரே நிறுவனத்துக்குள் இத்தனை விதமான கணக்கு இருக்கும்போது ஒரே சூத்திரத்தை எழுதி எல்லாப் படிவத்துக்கும் ஒட்டுவது ஆபத்து.

மைக்ரோசாஃப்டின் பணியோட்ட மென்பொருளான பவர் ஆட்டோமேட்டைப் பயன்படுத்துகிறவர்கள் முதலில் பார்ப்பது டிக்ஸ். கி.பி. 1ஆம் ஆண்டு ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து ஒரு நேரம் வரை கடந்ததை 100 நானோ வினாடித் துண்டுகளாக எண்ணித் தரும் ஃபங்ஷன் அது. முடிவு நேரத்தின் டிக்ஸிலிருந்து தொடக்க நேரத்தின் டிக்ஸைக் கழித்து, மணி வேண்டுமென்றால் 36,000,000,000ஆல், நாள் வேண்டுமென்றால் 864,000,000,000ஆல் வகுத்தால் விடை. பார்க்க அழகில்லாத வழி. சுழியங்களில் ஒன்று குறைந்தாலும் பிழைச் செய்தி வராது, தவறான எண்தான் வரும். ஆனாலும் மின் விலைப்பட்டியல் மாதிரி மணிக்கணக்கான கெடுவுக்கு நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். கிடைப்பது சுத்தமான எண். ஒப்பிடலாம், கூட்டலாம், சராசரி எடுக்கலாம். வகுத்தல் மீதியை வெட்டிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 64 மணி 45 நிமிடத்தை நாளாக்கினால் 2 என்றே வரும், 2.7 என்று வராது. அதனால் மணியாகவோ நிமிடமாகவோ எடுத்து வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது நாளாக மாற்றுவது நல்லது.

அதே மென்பொருளின் டேட் டிஃபரன்ஸ் படிக்க எளிது. தொடக்கம், முடிவு இரண்டையும் கொடுத்தால் மேற்சொன்ன கோரிக்கைக்கு 2.16:45:00 என்ற எழுத்துச் சரத்தைத் தருகிறது. இரண்டு நாள், பதினாறு மணி, நாற்பத்தைந்து நிமிடம். பலர் இதைப் புள்ளியில் வெட்டி முதல் துண்டை நாள் எண்ணாக எடுத்துக்கொள்கிறார்கள். இரு நேரங்களுக்கும் இடைவெளி ஒரு நாளுக்குக் குறைவாக இருந்தால் அந்த நாள் பகுதியே வராது. காலையில் போட்ட கோரிக்கை மாலையில் அங்கீகரிக்கப்பட்டால் 07:20:00 என்று மட்டும் இருக்கும், வெட்டப் புள்ளி இல்லை. முழுச் சரமும் எண்ணாக மாற்றும் படிக்குப் போய் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். வினாடியின் பின்னம் சேர்ந்த நேரமாக இருந்தால் கடைசியில் இன்னொரு புள்ளி முளைக்கும், அங்கே வெட்டினால் கிடைப்பது நாளே அல்ல. சோதனை செய்யும்போது யாரும் போன மாதத் தேதியும் இந்த மாதத் தேதியும்தான் போட்டுப் பார்ப்பார்கள். வேகமாக வேலை செய்யும் மேலாளரிடம்தான் இந்த ஓட்டம் உடையும். ஆகவே மின்னஞ்சலில் மனிதர் படிக்கக் காட்டுவதற்கு டேட் டிஃபரன்ஸ் போதும், முடிவெடுக்கும் நிபந்தனைக்குள் அதை வைக்க மாட்டேன்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு சிக்கல் நேர வட்டாரம். தரவைச் சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட் பட்டியலிலிருந்து பவர் ஆட்டோமேட்டுக்கு நேரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், வந்து சேர்கிறது. நாம் அதற்கு 8 மணி முன்னால் இருக்கிறோம். திங்கட்கிழமை காலை 7.30க்கு இரவு ஷிஃப்ட் முடித்த பாதுகாவலர் அனுப்பும் படிவம் யூடிசியில் ஞாயிறு இரவு 11.30. இரண்டு நேரங்களின் இடைவெளி மாறாது. ஆனால் நேரத்தை வெட்டித் தேதியை மட்டும் எடுத்தால், காலை 8 மணிக்கு முன்னால் வந்தவை எல்லாம் முந்தைய நாளில் விழும். வேலைநாள் கணக்கில் அது ஞாயிறு ஆகிவிடும். முதலில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள், அப்புறம் தேதியை வெட்டுங்கள். மைக்ரோசாஃப்ட் வட்டாரப் பட்டியலில் கோலாலம்பூரும் சிங்கப்பூரும் ஒரே வரியில் இருக்கின்றன. ஆனால் சூத்திரத்துக்குள் எழுத வேண்டிய பெயர் சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட் டைம். கோலாலம்பூர் என்று தேடினால் கிடைக்காது.

சொந்த சர்வரில் என்எய்ட்என் என்ற பணியோட்ட மென்பொருளை ஓட்டும் சிறிய நிறுவனங்கள் இப்போது இங்கே பெருகி வருகின்றன. அதன் லக்ஸான் நிரல் நூலகம் தேதிக் கணக்கில் நேர்த்தியானது. நாள், மாதம், ஆண்டு என்று கேட்ட அலகில் எண்ணாகவே தரும். நிறுவியவுடன் என்எய்ட்என்னின் நேர வட்டாரம் நியூயார்க் என்றே இருக்கும், முதல் வேலையாக அதை மாற்றிவிட வேண்டும். பிறந்த தேதி விஷயத்தில் இன்னும் நுணுக்கமான ஒரு பொறி உண்டு. மலேசியத் தீபகற்பம் 1981 முடியும் வரை யூடிசிக்கு ஏழரை மணி முன்னால் இருந்தது. 1982 ஜனவரி 1 முதல்தான் 8 மணி. லக்ஸான் பயன்படுத்தும் ஆசியா கோலாலம்பூர் வட்டாரத் தரவு இந்தப் பழைய வரலாற்றை அறியும். 1965இல் பிறந்தவரின் தேதியை ஒரு மென்பொருள் நள்ளிரவு என்று எடுத்து 8 மணி கழித்து யூடிசியில் வைத்து, மற்றொன்று ஏழரை மணி கூட்டித் திரும்பப் படித்தால் முந்தைய நாள் இரவு 11.30 வரும். பிறந்த நாள் ஒரு நாள் பின்னால் போய்விட்டது. குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்பதை இந்தத் தேதியிலிருந்து கணக்கிட்டு ஓய்வுக் கடிதம் தயாரிக்கும் பணியோட்டங்கள் இருக்கின்றன. ஒரு மனிதர் ஆயுள் முழுக்க உழைத்து முடிக்கிற தேதியில் பிழை இருக்கவே கூடாது. பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி இவற்றை நேரம் ஒட்டாத வெறும் தேதியாகவே வைத்திருங்கள்.

சேவை ஆண்டுகளுக்கு நாள்களை 365ஆல் வகுக்கும் வழக்கத்தை நான் எங்கே பார்த்தாலும் மாற்றச் சொல்வேன். 2019 மார்ச் 1ஆம் தேதி சேர்ந்தவரை எடுத்துக்கொள்வோம். 2024 பிப்ரவரி 28 அன்று 1,825 நாள் ஆகிறது. 365ஆல் வகுத்தால் சரியாக 5. ஆனால் 2020இலும் 2024இலும் பிப்ரவரி 29 உண்டு. அவருக்கு ஐந்து ஆண்டு நிறைவதற்குள் இன்னும் இரண்டு நாள் மிச்சம். வேலைச் சட்டப்படி ஐந்து ஆண்டைத் தொட்டவருக்குக் குறைந்தபட்ச ஆண்டு விடுப்பு 12இலிருந்து 16 நாளாகிறது. ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் வேலைநீக்க அறிவிப்புக் காலமும் 6 வாரத்திலிருந்து 8 வாரமாகிறது. எந்தத் தேதியில் கடிதம் கொடுத்தார்கள் என்பதை வைத்து வழக்கே நடக்கும் இடம் இது. டேட்டிஃப் என்ற பழைய எக்செல் ஃபங்ஷனுக்கு ஆண்டு அலகைக் கொடுத்தால் அது நிறைவடைந்த ஆண்டுகளை மட்டும் எண்ணும். ஷேர்பாயின்டின் கணக்கிடும் பத்தியிலும் இது வேலை செய்கிறது. மாதம் போக மிஞ்சிய நாளைக் கேட்கும் அலகை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது தவறான விடை தரக்கூடும் என்று மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது. இன்னொன்று: கணக்கிடும் பத்திக்குள் இன்றைய தேதியைப் போட்டால் அது தினமும் புதுப்பிக்கப்படாது. அந்த வரியை யாராவது திருத்தும்போதுதான் மாறும். நிலுவையில் கிடக்கும் கோரிக்கைதான் யார் கையும் படாதது, அதன் எண்தான் உறைந்து நிற்கும். தினமும் காலையில் ஓடும் ஒரு தனி ஓட்டம் நிலுவை நாளை எழுதிவிட்டுப் போகட்டும்.

இனி வேலைநாள். இங்கேதான் நம் நாட்டுக்கென்று உள்ள சிக்கல் முழுசாக வெளிப்படுகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

தலைமை அலுவலகம் கோலாலம்பூரில், கிளைகள் பட்டர்வொர்த், சுங்கைப்பட்டாணி, ஜொகூர் பாருவில் உள்ள ஒரு நிறுவனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே காரை எடுத்தால் சற்று நேரத்தில் சுங்கைப்பட்டாணி. பாதி ஊழியர்கள் மாநில எல்லையைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்கள். ஆனால் பினாங்கில் வார விடுமுறை சனி ஞாயிறு, கெடாவில் வெள்ளி சனி. கிளந்தானிலும் திரங்கானுவிலும் வெள்ளி சனிதான். பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம், பினாங்கில் அன்று வேலை. ஜூலை 7 ஜார்ஜ்டவுன் பாரம்பரிய தினம், பினாங்கில் விடுமுறை, கோலாலம்பூரில் வேலை. தைப்பூசம் இரண்டு இடத்திலும் பொது விடுமுறை, கிளந்தானில் இல்லை. ஜனவரி 1 கோலாலம்பூரில் விடுமுறை, கெடாவிலும் ஜொகூரிலும் இல்லை.

நெட்வொர்க்டேஸ் சனி ஞாயிறை மட்டுமே அறியும். அதன் விரிவான வடிவமான நெட்வொர்க்டேஸ் இன்டிஎல்லுக்கு வார விடுமுறையைக் குறியெண்ணாகக் கொடுக்கலாம்: 1 என்றால் சனி ஞாயிறு, 7 என்றால் வெள்ளி சனி. பொது விடுமுறைப் பட்டியலையும் சேர்த்துக் கொடுக்கலாம். கூகுள் ஷீட்ஸிலும் இது உண்டு. ஒரே மாநிலத்தில் இயங்கும் சிறு அலுவலகத்துக்கு, மாத இறுதியில் ஒரு அறிக்கை எடுத்தால் போதும் என்கிறவர்களுக்கு, இதைவிட எளிய வழி கிடையாது. இணையத் தரவுத்தள மென்பொருளான ஏர்டேபிளின் ஒர்க்டே டிஃப் வார விடுமுறை சனி ஞாயிறு என்றே வைத்துக்கொள்கிறது. விடுமுறைப் பட்டியல் கொடுக்கலாம், வார விடுமுறையை மாற்ற முடியாது. கெடாக் கிளை இருந்தால் அது ஒத்துவராது.

இன்டிஎல் எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க ஜொகூரை எடுத்துக்கொள்ளலாம். அம்மாநிலம் 2014 ஜனவரி 1 முதல் வெள்ளி சனியை வார விடுமுறையாக்கியது. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி ஞாயிறுக்குத் திரும்பியது. 2024 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாரு கிளையில் வந்த கோரிக்கை 2025 ஜனவரி 3, வெள்ளிக்கிழமை முடிகிறது. டிசம்பர் 29, 30, 31, ஜனவரி 1, 2, 3 என ஆறு நாளும் அங்கே வேலைநாள். குறியெண் 7ஐப் போட்டால் ஜனவரி 3 வெள்ளி என்று கழிந்து 5 வரும். குறியெண் 1ஐப் போட்டால் டிசம்பர் 29 ஞாயிறு என்று கழிந்து அதுவும் 5. சரியான விடை வர வேண்டுமென்றால் கணக்கை டிசம்பர் 31இல் இரண்டாக வெட்டி, இரு குறியெண்ணில் எண்ணிக் கூட்ட வேண்டும். பழைய பதிவுகளை எடுத்து ஆண்டறிக்கை தயாரிப்பவர்கள் இதை ஒருநாள் சந்திப்பார்கள்.

இன்னொரு சிக்கல், கடைசி நிமிடத்தில் வரும் விடுமுறை. 2022 நவம்பர் 24 அன்று பிரதமராகப் பதவியேற்ற அன்வார் இப்ராகிம், நவம்பர் 28 திங்கட்கிழமையைப் பொது விடுமுறையாக அறிவித்தார். நடுவில் மூன்றே நாள், அதிலும் இரண்டு நாள் வார இறுதி. சூத்திரத்துக்குள்ளேயே விடுமுறைத் தேதிகளை எழுதி வைத்தவர்கள் அத்தனை ஓட்டத்தையும் திறந்து திருத்த வேண்டிய நிலை. விடுமுறைகள் தனிப் பட்டியலில் இருந்தால் ஒரு வரி சேர்த்தால் போதும், அதை மனிதவளப் பிரிவில் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

அதனால் பல மாநிலங்களில் கிளை உள்ளவர்களுக்கு என் பரிந்துரை, சொந்த நாட்காட்டிப் பட்டியல். ஒரு நாளுக்கு ஒரு மாநிலத்துக்கு ஒரு வரி: தேதி, மாநிலம், வேலைநாளா இல்லையா, இல்லையென்றால் காரணம். வேலைநாள் எத்தனை என்பது அப்போது கணக்கே அல்ல, எண்ணிக்கை. தொடக்கத் தேதிக்குப் பிறகு, முடிவுத் தேதி வரை, அந்த மாநிலத்தில், வேலைநாள் என்று குறித்த வரிகளை வடிகட்டி எத்தனை வந்தது என்று பார்த்தால் முடிந்தது. ஜொகூரின் மாற்றம் தரவிலேயே இருக்கிறது, சூத்திரத்தைத் தொட வேண்டாம். தகராறு வந்தால் எந்தெந்த நாளை எண்ணினோம் என்று வரி வரியாகக் காட்டலாம். தணிக்கையாளர் முன்னால் இது பெரிய பலம். விலையும் உண்டு. ஆண்டுதோறும் யாராவது அடுத்த ஆண்டு வரிகளை ஏற்ற வேண்டும். நோன்புப் பெருநாள் பிறையைப் பொறுத்தது என்பதால் ஏற்றிய பிறகும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். ஷேர்பாயின்டில் வைத்தால் நான்கு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 1,460 வரி. நான்காம் ஆண்டில் 5,000 வரி வரம்பைத் தாண்டும், தேதிப் பத்திக்கு முதல் நாளே இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் குறியீடு) போட்டுவிடுங்கள். உருப்படிகளை எடுக்கும் படி வழக்கமாக 100 வரியோடு நின்றுவிடும் என்பதையும் கவனித்து வரம்பை உயர்த்துங்கள். இல்லாவிட்டால் நூறு வேலைநாளைத் தாண்டிய எந்தக் கோரிக்கையும் நூறு என்றே காட்டும்.

தொடக்க நாளைச் சேர்ப்பதா விடுவதா என்பதை எழுதி வையுங்கள். நெட்வொர்க்டேஸ் இரு முனையையும் சேர்க்கும். மலேசியாவின் 1948, 1967 பொருள்விளக்கச் சட்டங்களின் 54ஆவது பிரிவு, ஒரு நிகழ்விலிருந்து நாள் எண்ணும்போது அந்த நிகழ்வு நடந்த நாளை விட்டுவிடச் சொல்கிறது. கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலைநாளுக்குத் தள்ளுகிறது. ஆறு நாளுக்கு மேற்படாத கெடுவென்றால் விடுமுறைகளை எண்ணவே கூடாது. சட்டக் கெடுக்களுக்கான விதி இது. அலுவலக விதிக்கும் இதையே வைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. அதனால்தான் மேலே "தொடக்கத் தேதிக்குப் பிறகு" என்று எழுதினேன்.

மணிக்கணக்கில் சேவைத் தரம் பார்க்கும் வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்கு மட்டும் வேறு யோசனை சொல்வேன். வேலைநேரம், மதிய இடைவேளை, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கான நீண்ட இடைவேளை, வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் இவை எல்லாவற்றையும் கழித்து 1 மணி 45 நிமிடம் என்ற விடையைச் சொந்தமாக எழுதிக் கொண்டுவருவது வீண் உழைப்பு. ஜீரா சர்வீஸ் மேனேஜ்மென்ட், சர்வீஸ்நவ் போன்ற உதவிப் பிரிவு மென்பொருள்களில் இந்தக் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது. மாநிலத்துக்கு ஒரு நாட்காட்டி அமைத்து, எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆள் கணக்கில் கட்டணம் கட்ட வேண்டும். செலவுக் கோரிக்கைக்கும் விடுப்புக்கும் மட்டும் இதை வாங்குவது அதிகம். அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் குழு இருந்தால் வாங்கிய காசுக்கு வேலை செய்யும்.

எதை எடுத்தாலும், ஊழியர்களுக்குத் திறந்துவிடும் முன் சில ஜோடிகளை ஓட்டிப் பாருங்கள். ஒரே நாளில் காலையில் தொடங்கி மாலையில் முடிவது. காலை 7.30க்குத் தொடங்குவது. வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை, அதையே கோலாலம்பூருக்கு ஒருமுறை, சுங்கைப்பட்டாணிக்கு ஒருமுறை. 2024 பிப்ரவரி 28இலிருந்து மார்ச் 1. மேலே சொன்ன ஜொகூர் ஜோடி. முடிவுத் தேதி தொடக்கத்துக்கு முன்னால் இருப்பது. கடைசியாக, முடிவுத் தேதியே காலியாக இருப்பது. டிக்ஸுக்கு வெற்றிடத்தைக் கொடுத்தால் ஓட்டம் பிழையோடு நிற்கும், இன்னும் அங்கீகரிக்கப்படாத ஒவ்வொரு கோரிக்கையும் அந்த நிலையில்தான் இருக்கும். காலியாக இருந்தால் இப்போதைய நேரத்தை எடுத்துக்கொள் என்ற நிபந்தனையைக் கழித்தலுக்கு முன்னால் வையுங்கள். விடைகளை ஒரு தாளில் கையால் போட்டு, மனிதவள அதிகாரியிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகு மென்பொருளின் விடையோடு ஒப்பிடுங்கள்.